உதிரிப்பாகத்தின் குறியைக் காட்டி முழு விளக்குக்கும் சான்றிதழ் விற்கிறார்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து மின்சாதனங்களைக் கனடாவுக்கு அனுப்ப முயலும் சிறு உற்பத்தியாளர்களுக்காக இதை எழுதுகிறேன். கொக்குவிலில் உள்ள எங்கள் பட்டறையில் சுவாமியறைக்கான பித்தளை எல்.ஈ.டி. விளக்குகளைச் செய்கிறோம். ஸ்காபரோவில் கடை நடத்தும் ஒருவர் அவற்றில் ஒரு தொகையை வாங்க முன்வந்து, அங்கே ஏற்கப்படும் பாதுகாப்புக் குறி விளக்கில் இருக்க வேண்டுமென்று எழுத்திலேயே நிபந்தனை விதித்தார். அது நியாயமான நிபந்தனை. ஒன்ராறியோ மாகாணத்தின் 438/07ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, அங்கீகரிக்கப்பட்ட சான்றளிப்பு அமைப்பொன்றின் குறியோ, களமதிப்பீட்டு ஒட்டுச்சீட்டோ (பொருளை நேரில் பரிசோதித்து ஒட்டப்படுவது) இல்லாத மின்பொருளை அங்கே விற்க முடியாது.

அந்த நிபந்தனையை அப்படியே அனுப்பி, கொழும்பில் ஆய்வுகூடமும் ஆலோசனைச் சேவையும் நடத்துவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டோம். "உள்ளே இருக்கிற டிரைவரில் யூ.எல். குறி இருக்குத்தானே, விளக்குக்குத் தனியாக ஒன்றும் தேவையில்லை, நாங்கள் தருகிற சான்றிதழே போதும்" என்று அங்கிருந்தவர் உறுதியளித்தார். டிரைவர் என்பது எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு மின்சுற்று; யூ.எல். என்பது மின்பொருள்களின் பாதுகாப்பைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்க நிறுவனம். பாதித் தொகையை முற்பணமாகப் பெற்றுக்கொண்டு, மீதியையும் செலுத்திய பின்னரே கோப்பைக் கையில் தந்தார்கள்.

இங்கேதான் ஏமாற்று இருக்கிறது. டிரைவரில் இருந்தது, இடம்வலமாகத் திரும்பிய ஆர் எழுத்தும் யூ எழுத்தும் ஒட்டிய குறி. அது இன்னொரு பொருளுக்குள் பொருத்தப்படவிருக்கும் உதிரிப்பாகத்துக்கு வழங்கப்படுவது. கடையில் விற்கும் முழுப்பொருளுக்கு வழங்கப்படும் வட்டத்துக்குள் யூ.எல். குறி வேறு. உதிரிப்பாகத்துக்கான அங்கீகாரம் வழமையாக நிபந்தனைகளோடு வருகிறது: எந்த வெப்பநிலை வரை, எத்தகைய உறைக்குள், எந்த மின்னழுத்தத்தில், உலோகப் பாகங்களிலிருந்து எவ்வளவு இடைவெளியில் பொருத்தலாம் என்பவை அவற்றுள் அடங்கும். எங்கள் விளக்கில் அந்த டிரைவர் காற்றோட்டமற்ற பித்தளைப் பீடத்துக்குள் அடைபட்டிருக்கிறது. பீடத்தைச் சிறுபிள்ளையும் தொடும். உள்ளே சூடு எவ்வளவு ஏறும், மின்காப்பு முறிந்தால் பித்தளையில் மின்சாரம் பாயுமா என்பவற்றை முழு விளக்கையும் சோதித்தால் மட்டுமே அறியலாம். டிரைவரில் எத்தனை குறிகள் இருந்தாலும் அவை இந்தக் கேள்விகளுக்கு விடையாகா.

கோப்புக்குள் இருந்தவை அதைவிட மோசம். ஐ.ஈ.சி. 60598 என்ற, விளக்குகளுக்கான சர்வதேச நியமத்தின்படி சோதித்ததாகச் சொல்லும் அறிக்கை 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் மட்டும் எடுக்கப்பட்டிருந்தது; கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அதன் அடியில் சிறிய எழுத்தில், முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று அச்சிட்டிருந்தார்கள். சோதனை அறிக்கைகளில் வழமையாக இடம்பெறும் வாசகம்தான் அது. ஆனால் வாயால் எங்களுக்குச் சொன்னதற்கு நேர் எதிரானது. கூடவே, பொன்னிறக் கரையிட்ட "சி.ஈ. சான்றிதழ்" ஒன்றையும் வைத்திருந்தார்கள். சி.ஈ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கு உற்பத்தியாளர் தன் பொறுப்பில் இடும் குறி. கனடாவில் அதற்கு மதிப்பில்லை. "யூ.எல். கோப்பு இலக்கம்" என்று ஈ எழுத்தில் தொடங்கும் ஓர் இலக்கமும் இருந்தது. அதை யூ.எல். நிறுவனத்தின் புரொடக்ட் ஐ.கியூ. தரவுத்தளத்தில் தேடியபோது, எங்களோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொரு கம்பனியின் மின்வயர் வகைக்கு உரியதாக இருந்தது. அந்தத் தேடலுக்குப் பதிவுசெய்துகொண்டாலே போதும், பணம் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அறிக்கை தந்துவிட்டோம், வேலை முடிந்தது" என்று பதில் வந்தது. பிறகு தொலைபேசியையே எடுக்கவில்லை.

ஆகவே இப்படியான நிறுவனங்களிடம் பணம் கட்டுவதற்கு முன்னர், அந்த ஆய்வுகூடத்தின் ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வுகூடங்களின் தகுதிக்கான சர்வதேச நியமம்) அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைகளை உள்ளடக்குகிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். அங்கீகாரம் இருப்பதாகச் சொல்வது போதாது. அது நீரின் தரத்தைச் சோதிப்பதற்கும் இருக்கலாம். இலங்கையில் இந்த அங்கீகாரத்தை வழங்குவது 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சபை; அதனிடமே நேரடியாக விசாரிக்கலாம். சான்றிதழை வழங்குவது யார், தொழிற்சாலைக்குப் பரிசோதகர் வருவாரா, டிரைவரின் மாதிரியை மாற்றினால் என்ன நடக்கும் என்பவற்றுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். உண்மையான குறிக்குப் பின்னால் தொடர்ந்த பரிசோதனையும் ஆண்டுக் கட்டணமும் உண்டு. ஒருமுறை பணம் கட்டினால் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும் என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சிறு எண்ணிக்கையில் பொருள்களை அனுப்புபவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எஸ்.பி.ஈ. 1000 என்ற விதிக்கோவையின்படி, கனடாவில் அங்கீகாரம் பெற்ற களமதிப்பீட்டு அமைப்புகள் பொருள்களை நேரில் பரிசோதித்து, தேறியவற்றில் ஒட்டுச்சீட்டு ஒட்டுகின்றன. எங்கள் வாங்குநரே இதைக் கேள்விப்பட்டுச் சொன்னார். பணம் வாங்கிய நிறுவனம் வாய் திறக்கவில்லை. இப்போது பீடத்தில் காற்றுத் துளைகள் இட்டு, மண்ணிணைப்புக் கம்பியுடன் (ஏர்த் வயர்) புதிய மாதிரிகளைச் செய்து, அந்த வழியில் அனுப்ப ஆயத்தமாகிறோம். பழைய கோப்பு, பற்றுச்சீட்டு, மின்னஞ்சல்கள் அனைத்தையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடாகக் கொடுக்கவிருக்கிறோம். இதே அனுபவம் உள்ளவர்கள் தங்கள் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளோடு எங்களுடன் சேரலாம்.