தேதியை மாற்றுவதா, பெயரை மாற்றுவதா? மெல்பர்னின் இரண்டு நகர மன்றங்கள்

ஜனவரி 26 ஆஸ்திரேலியாவின் தேசிய தினம். பூர்வகுடிகள் பலருக்கோ அது 1788-இல் பிரிட்டிஷார் வந்து மண் பறிபோகத் தொடங்கிய நாள். அந்த நாளில், புதுக் குடிமக்கள் உறுதிமொழி ஏற்கும் குடியுரிமை விழாவை நடத்துவதில்லை என்று 2017 ஆகஸ்டில் யாரா நகர மன்றம் தீர்மானித்தது. மறுநாளே கூட்டாட்சி அரசு, விழா நடத்தும் அதிகாரத்தையே அந்த மன்றத்திடமிருந்து பிடுங்கிக்கொண்டது. பைசா செலவில்லாத முடிவுதான், ஆனால் கடிவாளம் வேறொருவர் கையில். விழாவை அந்த நாளிலேயே நடத்தவேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில்தான் தளர்ந்தது: இப்போது மூன்று நாள் முன்னே பின்னே நடத்திக்கொள்ளலாம்.

பக்கத்து மன்றமான மோர்லேண்ட் வேறு வழியில் போனது. அந்தப் பெயர் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய ஒரு தோட்டத்தினுடையது என்று 2021-இல் அந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களின் மூத்தோர் எடுத்துச் சொன்னார்கள். மாற்றாக மூன்று பெயர்களையும் அவர்களே தந்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டு, மாநில அரசின் ஒப்புதலும் பெற்று, 2022 செப்டம்பரில் அது மெரி-பெக் ஆனது. 'வரிப்பணம் வீண்' என்ற முணுமுணுப்பு இல்லாமல் இல்லை.

என் ஓட்டு இரண்டாவதற்கு. பூர்வகுடிகள் கேட்டதை, தன் எல்லைக்குள் மன்றம் செய்து முடித்தது. யாரா முடிவு வீண் என்று சொல்லமாட்டேன். நாடு முழுக்கத் தேதியைப் பற்றிப் பேசவைத்ததில் அதற்கும் பங்குண்டு. அப்புறம், மோர்லேண்ட் ரயில் நிலையமும் மோர்லேண்ட் சாலையும் இன்னும் பழைய பெயரில்தான் இருக்கின்றன.