கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் எவ்வளவு ரேம் வேண்டும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

2022ஆம் ஆண்டு மகளின் கல்லூரி விண்ணப்பத்தை என் கைப்பேசியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள் என்று நாற்பது கட்டங்களுக்கு மேல் நிரப்பிய பிறகு, மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்து இணைக்கும்படி அந்தப் பக்கம் கேட்டது. கேமரா திறந்தது, படமெடுத்துத் திரும்பியபோது பக்கம் முதலிலிருந்து ஏறத் தொடங்கியது, நிரப்பியவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாம் முறை அந்த இடத்தைக் கடந்துவிட்டேன். ஆனால் ஓடிபி எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்வந்த அரை நிமிடத்தில் மறுபடியும் எல்லாம் அழிந்துபோனது. இணைய இணைப்பின் கோளாறு என்றுதான் அன்று நினைத்தேன். மறுநாள் அதே வைஃபையில், தங்கையின் கைப்பேசியில், ஒரே மூச்சில் விண்ணப்பம் முடிந்தது. அவளுடையதில் 8 ஜிபி ரேம். என்னுடையதில் 3 ஜிபி.

அன்றிலிருந்துதான் இதைக் கவனிக்கத் தொடங்கினேன். 2019இல் வாங்கிய அந்த 3 ஜிபி கைப்பேசி, 2020 ஊரடங்கில் இணைய வகுப்புக்காக வாங்கிய 4 ஜிபி டேப்லெட், 2022 இறுதியில் வாங்கி இன்றுவரை பயன்படுத்தும் 8 ஜிபி கைப்பேசி ஆகிய மூன்றும் ஆண்ட்ராய்டுக் கருவிகள். மூன்றோடும் பழகிய அனுபவமே இங்குள்ளது.

முதலில் ஒரு தெளிவு. கடைகளில் "மெமரி எவ்வளவு?" என்று கேட்டால் 128 ஜிபி என்றும் பதில் வரும், 6 ஜிபி என்றும் பதில் வரும். படங்களும் காணொளிகளும் தங்கும் ஸ்டோரேஜ் வேறு. இயங்கிக்கொண்டிருக்கும் செயலிகள் தங்கும் ரேம் வேறு. ஸ்டோரேஜ் நிரம்பினால் தேவையற்றதை அழித்துக்கொள்ளலாம், சில கருவிகளில் மெமரி கார்டும் செருகலாம். ரேமைப் பின்னால் கூட்ட வழியே இல்லை; பல கைப்பேசிகளில் அது ப்ராசசர் சில்லின் மேலேயே அடுக்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வாங்கும் நாளில் எடுக்கும் முடிவு அந்தக் கருவியின் ஆயுள் முழுவதற்கும் உரியது.

ரேம் அதிகமானால் கைப்பேசி வேகமாகும் என்ற நம்பிக்கை என் அனுபவத்தில் பாதி மட்டுமே சரி. என் 3 ஜிபி கைப்பேசி, ஒரு செயலியைத் திறந்து அதிலேயே இருக்கும்வரை, வாங்கிய மூன்றாம் ஆண்டிலும் குறை சொல்லும்படி மெதுவாக இருந்ததில்லை. வேறொன்றுக்குப் போய்த் திரும்பும்போதுதான் குறைபாடு வெளிப்பட்டது. ஆண்ட்ராய்டு, ரேமில் இடம் குறையும்போது, சிறிது நேரமாகத் தொடப்படாத தரவுகளை முதலில் சுருக்கி ரேமிலேயே ஒரு பகுதியில் வைக்கிறது. இதற்கு இசட்ரேம் என்று பெயர். அதுவும் போதாதபோது, பின்னணியில் உள்ள செயலிகளில் பயனருக்கு அப்போது எது குறைவாகத் தேவைப்படும் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. நிறுத்தப்படுமுன் தன் நிலையைக் குறித்துவைத்துக்கொள்ளச் செயலிகளுக்கு வாய்ப்பு உண்டு. நன்றாக எழுதப்பட்ட செயலிகள் அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. உலாவியில் பாதி நிரப்பிய படிவத்துக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கேமராவோ ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைப்பதால் திடீரென்று பெரும் இடம் கேட்கும் செயலி. 12 மெகாபிக்சல் படம் ஒன்று, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்ற கணக்கில், ரேமில் விரியும்போது 48 எம்பி ஆகிவிடும். என் விண்ணப்பத்தை விழுங்கியது எது என்பது இப்போது விளங்குகிறது.

நம் ஊரில் இது சிறு தொல்லை அன்று. வங்கி, ரயில் முன்பதிவு, அரசுச் சேவை என்று எதைத் தொட்டாலும் நடுவில் ஓடிபி கேட்கப்படுகிறது. அந்த எண்ணைப் பார்க்கப் போனவர் திரும்பும்போது பக்கம் அங்கேயே இருக்க வேண்டும். வயதானவர்கள் "எனக்கு இதெல்லாம் வராது" என்று ஒதுங்கிப்போவதைப் பார்க்கும்போது, அவர்களில் எத்தனை பேரைத் தோற்கடித்தது ரேம் பற்றாக்குறை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பற்றாக்குறையைச் சமாளிக்க நான் செய்த இரண்டு காரியங்களும் பயன் தரவில்லை. சமீபத்திய செயலிகள் பட்டியலை அடிக்கடி திறந்து எல்லாவற்றையும் தள்ளிவிடுவேன். "ரேம் தூய்மை" செய்வதாகச் சொன்ன ஒரு செயலியையும் நிறுவியிருந்தேன். உண்மையில், அடிக்கடி வேண்டிய செயலியை ரேமிலிருந்து அகற்றினால், அடுத்த முறை அதை முழுவதுமாகத் திறக்கக் கருவி கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியும் அதற்கேற்பச் செலவாகிறது. காலியாகக் கிடக்கும் ரேமால் பயனருக்கு நன்மை எதுவும் இல்லை. அந்தச் செயலியை நீக்கிய பிறகு கைப்பேசி சற்று நன்றாகவே நடந்துகொண்டது.

இன்னொன்று, பெட்டியின் மேல் "4 + 4 ஜிபி" என்பதுபோல் அச்சிடப்படும் ரேம் விரிவாக்கம். டேப்லெட்டில் ஒரு புதுப்பித்தலோடு இந்த வசதி வந்தது. ஸ்டோரேஜின் ஒரு பகுதியை ஒதுக்கி, ரேமில் இடமில்லாதவற்றை அங்கே தள்ளிவைப்பதே இதன் வேலை. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. விலை குறைந்த கருவிகளில் உள்ள இஎம்எம்சி என்ற ஸ்டோரேஜ் வகையில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. செயலி நிறுத்தப்படாமல் இருந்தது என்பது மெய்தான். ஆனால் அது திரும்பி வருவதற்குள் புதிதாகவே திறந்திருக்கலாம் என்று தோன்றும் அளவுக்குத் திக்கியது. இரண்டு மாதங்களில் அதை அணைத்துவிட்டேன். கூட்டல் குறிக்குப் பின்னால் வரும் எண்ணை வாங்குபவர்கள் கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டேப்லெட்டுக்குக் கைப்பேசியைவிடக் குறைந்த ரேம் போதும் என்று நினைத்து 4 ஜிபி வாங்கியது என் பெரிய தவறு. கைப்பேசியில் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் கண்முன் இருக்கும். டேப்லெட்டின் பெரிய திரையே இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது. கண்முன் உள்ள இரண்டையும் இயங்குதளம் எளிதில் நிறுத்த முடியாது. இரண்டுக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். நான் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து பழைய நூல்களைப் பதிவிறக்கி, ஒரு பாதியில் நூலும் மறுபாதியில் குறிப்பேடுமாக வாசிப்பவன். ஸ்கேன் செய்து எடுத்த நூல்களின் கோப்பளவு ஏமாற்றக்கூடியது. ஏ4 அளவுத் தாள் ஒன்று 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 2480 × 3508 புள்ளிகள். ஸ்டோரேஜில் சில நூறு கேபியாகச் சுருங்கிக் கிடக்கும் அந்தப் பக்கம், முழு வண்ணத்தில் விரிந்தால் ஏறத்தாழ 35 எம்பி. முன்னும் பின்னும் சில பக்கங்களை வாசிப்புச் செயலி தயாராக வைத்திருக்க முயலும்போது 4 ஜிபி டேப்லெட் மூச்சுத் திணறும். அடிக்குறிப்பு ஒன்றைத் தேட உலாவிக்குப் போய்வந்தால், 214ஆம் பக்கத்தில் விட்ட நூல் அட்டையிலிருந்து தொடங்கும். வாசிப்பின் ஓட்டம் அறுந்துபோவது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

8 ஜிபி கைப்பேசியில் இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு படிவத்தையும் நான் இழக்கவில்லை. காலையில் விட்ட வரைபடமும் பாதி எழுதிய மின்னஞ்சலும் மதியம் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. இயங்குதளம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்ட பிறகும் இது மாறவில்லை.

அப்படியானால் 12 அல்லது 16 ஜிபி யாருக்கு? கனமான விளையாட்டுகளும் காணொளித் தொகுப்பும் ஒருபுறம் இருக்க, கருவியிலேயே இயங்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் கணக்கை மாற்றிவிட்டன. அவை ரேமில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொள்பவை. 2023இல் வெளிவந்த ஐஃபோன் 15இல் 6 ஜிபி, அதே நாளில் வெளிவந்த 15 ப்ரோவில் 8 ஜிபி. மறு ஆண்டு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி வந்தபோது ப்ரோவுக்கு மட்டுமே அது கிடைத்தது. சில்லும் வேறுதான், ஆயினும் 8 ஜிபிக்குக் குறைந்த எந்த ஐஃபோனிலும் அது இயங்குவதில்லை. இவ்வசதிகளை நான் அதிகம் நாடுவதில்லை என்பதால் 8 ஜிபியே எனக்குப் போதுகிறது. ஐந்தாண்டுகள் வைத்திருக்க எண்ணி இன்று புதிதாக வாங்குபவர், விலை வித்தியாசம் தாங்கக்கூடியதானால், 12 ஜிபியைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு. அழைப்பு, வாட்ஸ்அப், யூபிஐ ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்பவருக்கு 6 ஜிபி. 4 ஜிபியை இனி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டேப்லெட்டுக்கு 8 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது.

கடையில் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. குறிப்பேட்டில் ஒரு வரியைப் பாதி எழுதிவிட்டு, கேமராவில் நான்கைந்து படங்கள் எடுத்து, வரைபடத்தையும் ஒரு காணொளியையும் திறந்து பார்த்துத் திரும்புங்கள். வரி அங்கேயே, கர்சர் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆனால் கடையில் வைத்திருக்கும் கருவியில் செயலிகள் அதிகம் இருக்காது என்பதால் அது எளிதில் தேறிவிடும். அதே மாதிரியை ஓராண்டாவது பயன்படுத்திய உறவினரோ நண்பரோ இருந்தால், அவருடைய கைப்பேசியைப் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, இதே சோதனையை அதில் செய்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.