மக்காச்சோள விதைக் கதிர்: களத்திலா, காட்டிலா?

நாட்டு மக்காச்சோளத்துக்கு விதை ஒதுக்க இரண்டு வழி. அறுத்துக் களத்தில் குவித்த பிறகு பெரிய கதிர்களாகப் பொறுக்குவது ஒன்று. பயிர் நிற்கும்போதே நல்ல செடியைப் பார்த்து அடையாளத்துக்குத் துணி கட்டி வைப்பது இன்னொன்று. இந்தப் பயிர் பிறந்த மெக்சிகோவிலும், ஓஹாகா போன்ற பகுதிகளில், பெரும்பாலும் முதல் வழிதான். வீட்டில் உட்கார்ந்து கதிரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் இரண்டாவதுக்கு மாறிவிட்டேன்.

களத்தில் பொறுக்குவது சுலபம். நிறம், மணி வரிசை, வண்டுத் துளை எல்லாம் கையிலேயே தெரியும். வெள்ளைக் கதிரில் ஒரு மஞ்சள் மணி தெரிந்தால் பக்கத்துக் காட்டு ஹைபிரிட் (கலப்பின ரகம்) மகரந்தம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மணியின் குணத்தை மாற்ற இந்த வழியே போதும்; எண்ணெயையும் புரதத்தையும் கூட்டவும் குறைக்கவும் அமெரிக்காவின் இல்லினாயில் 1896இல் தொடங்கிய தேர்வு அதற்குச் சாட்சி.

ஆனால் குவியலில் கிடக்கும் கதிருக்கு ஊர் பேர் கிடையாது. எரு கொட்டிய இடத்திலோ, இடைவெளி விழுந்த இடத்திலோ நின்ற செடி பெரிய கதிர்தான் தரும். அது இடத்தின் கொடை, பிள்ளைக்கு வராது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பயிர் ஆராய்ச்சியாளர் கார்ட்னர் 1961இல் எழுதிய முறை இதற்குத்தான்: வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே நல்ல செடியைத் தேடுவது.

என்னை மாற வைத்தது அப்பன் பக்கம். மணியின் குணத்தில் பாதி, காற்றில் வந்த மகரந்தத்தோடது. களத்துக்குக் கதிர் வரும்போது அந்தக் கலப்பு முடிந்து போயிருக்கும். நோஞ்சான் செடியின் தூளும் அதில் உண்டு. காட்டில் நின்றால், தூள் கொட்டும் முன்பே சாய்ந்தது, வெளிறியது எல்லாவற்றின் ஆண் பூவையும் உருவி எறியலாம். நுனியைப் பிடித்து இழுத்தால் சரக்கென்று வந்துவிடும். அப்புறம் தண்டு தடித்து, இடுப்பு உயரத்தில் கதிர் வைத்து, மேல் தோல் நுனி வரை இறுக மூடிய செடிகளுக்கு மட்டும் துணி. வேலை அதிகம்தான், வெயிலில் தோகை கையைக் கீறும்.

விளைச்சல் கூடியதா என்றால் அடித்துச் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு வருஷம் மழை வேறு. சாய்வது குறைந்திருக்கிறது, அதுவரை சரி. ஆசைப்பட்டுப் பத்துக் கதிரோடு நிறுத்தினால் ரகம் குன்றிவிடும், நூறு கதிராவது வேண்டும். அவ்வளவு செடி இல்லாதவர்கள் பக்கத்துக்காரரோடு விதையைக் கலந்துகொள்வது நல்லது. பக்கத்தில் ஹைபிரிட் போட்டிருந்தால் விதைப்பை மூன்று, நான்கு வாரம் தள்ளுங்கள்; வரப்போரக் கதிரை விதைக்குத் தொடாதீர்கள்.