ரயிலா, லாரியா, காஸ்பியனா? பழைய சோவியத் நாடுகளில் சரக்கு வேலைக்கு எந்த வழி

கஸகஸ்தானின் அல்மாத்தியிலும் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கென்டிலும் ஜார்ஜியாவின் திபிலீசியிலும் சரக்கு நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது பதவிக்கு ஒரே பெயர்தான் போடுகிறார்கள்: ‘லாஜிஸ்ட்’. அந்தப் பெயருக்குள் மூன்று வெவ்வேறு தொழில்கள் இருக்கின்றன. ரயில் சரக்கைப் பார்ப்பவருக்குக் காகிதமும் குறியீடுகளும்தான் நாள் முழுக்க. லாரி அனுப்புபவருக்குப் போன். காஸ்பியன் கடல் வழியைப் பார்ப்பவருக்குக் கப்பலுக்கும் காற்றுக்கும் காத்திருப்பு. முதலில் எதில் நுழைகிறோமோ, ஐந்து ஆண்டு கழித்து நம் கையில் இருக்கும் தொழிலும் அதுவாகவே இருக்கும். ஆகவே முதல் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ரஷ்ய மொழி. சரளமாகப் பேசுவது பிறகு வரட்டும். கிரிலிக் எழுத்தைத் தடங்கலின்றி வாசிக்கவும், சரக்குச் சீட்டில் வரும் சொற்சுருக்கங்களைப் புரிந்துகொள்ளவும் தெரியாமல் எந்த மேசையிலும் உட்கார முடியாது. ஜார்ஜியாவின் துறைமுக அலுவலகங்களில் மட்டும் ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம். கஸகஸ்தானின் ரயில் நிலையத்தில் முடியாது.

ரயில்

சோவியத் ஒன்றியம் 1991-இல் பதினைந்து நாடுகளாகப் பிரிந்தது; தண்டவாளம் பிரியவில்லை. போலந்து எல்லையில் உள்ள பிரெஸ்ட் முதல் சீன எல்லையில் உள்ள அல்தின்கோல் வரை இன்றும் 1520 மி.மீ. அகலம்தான். சீனாவிலும் போலந்திலும் 1435 மி.மீ. என்பதால் இரண்டு முனைகளிலும் கன்டெய்னரைக் கிரேனால் தூக்கி வேறு வேகனில் வைக்கிறார்கள். நடுவில் எத்தனை நாட்டு எல்லை வந்தாலும் அதே வேகன், அதே சரக்குச் சீட்டு. அந்தச் சீட்டுக்கு எஸ்.எம்.ஜி.எஸ். என்று பெயர். 1951-இல் செய்த உடன்படிக்கையின் பெயரும் அதுவே. அதை நிரப்பத் தெரிந்தவர்தான் இந்த வேலையின் அச்சாணி.

அல்தின்கோலில் இருந்து தாஷ்கென்டின் சுகுர்சாய் நிலையத்துக்கு ஒரு 40 அடி கன்டெய்னர் போகிறது என்று வையுங்கள். கஸக் ரயில்வே, உஸ்பெக் ரயில்வே என்று இரண்டு கைகள் மாறும். வழிச்செலவை ஒவ்வொரு ரயில்வேக்கும் யார் கட்டுகிறார் என்பதைச் சீட்டில் தனித்தனியாக எழுத வேண்டும். ரயில்வேயோடு ஒப்பந்தம் வைத்துள்ள சரக்கு முகவர் தன் கணக்கில் இருந்து அதற்கென ஓர் எண் தருவார். தொழிலில் இதை ‘பொத்கோத்’ என்பார்கள். துணைக் குறியீடு என்று பொருள். பெரும்பாலும் அந்த மாதத்துக்கு மட்டுமே செல்லும். 30-ஆம் தேதி எண் வாங்கி, கன்டெய்னர் 2-ஆம் தேதி ஏறினால் புது எண் கேட்க வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் அனுப்பிய கன்டெய்னர் கஸக்–உஸ்பெக் எல்லையில் உள்ள சரியாகாஷில் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும், பின்னால் வரும் வேகன்களும் தேங்கும்.

சரக்கின் பெயரை இரண்டு பட்டியல்களில் குறியிட வேண்டும்: ஜி.என்.ஜி. என்ற 8 இலக்க எண், இ.டி.எஸ்.என்.ஜி. என்ற 6 இலக்க எண். முதலாவது சுங்க வகைப்பாட்டை ஒட்டியது. இரண்டாவது சோவியத் காலத்திலிருந்து வரும் ரயில்வே வகைப்பாடு, கட்டணக் கணக்கில் பயன்படுவது. இரண்டும் ஒரே பொருளைச் சொல்லாவிட்டால் கட்டணம் தப்பும், சுங்கத்திலும் கேள்வி எழும். சேருமிடமான நிலையம் 40 அடி கன்டெய்னரை இறக்க அனுமதி பெற்றதா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்; வரைபடத்தில் நிலையம் இருப்பதாலேயே அங்கே கிரேன் இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘கன்வென்ஷன்’ என்ற தற்காலிகத் தடையும் உண்டு. நெரிசல் என்றால் ரயில்வே ஒரு திசைக்கு ஏற்றுவதையே நிறுத்தி அறிவிப்பு விடும். காலையில் முதல் வேலையாக அதைப் படிப்பது நல்ல பழக்கம்.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஒரு சின்ன வித்தை. இந்தப் பாதையில் ஓடும் வேகனின் எண் 8 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் ஏழு இலக்கங்களை 2, 1, 2, 1, 2, 1, 2 என்று பெருக்கி, வரும் இலக்கங்களையெல்லாம் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். 9412345 என்று தொடங்கினால் 18, 4, 2, 2, 6, 4, 10 வரும். இலக்கங்களின் கூட்டல் 28, குறைவது 2. எனவே எண் 94123452. இப்படி ஒத்துவராத எண் வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதை அங்கேயே திருப்பி அனுப்பலாம். எல்லையில் கண்டுபிடித்தால் திருத்தத் தந்தி, காத்திருப்பு, கட்டணம் எல்லாம் நம் தலையில்.

மேற்பார்வை இல்லாமல் ஒரு சீட்டை முழுதாகப் போட ஆறு மாதமாவது ஆகும். ஆனால் அல்மாத்தியில் கற்றது பெலாரஸின் மின்ஸ்கிலும் திபிலீசியிலும் அப்படியே செல்லும். மற்ற இரண்டு வழிகளுக்கும் இந்த வலு கிடையாது.

லாரி

இங்கே அளவு எளிது: 13.6 மீட்டர் நீளத் தார்ப்பாய் ட்ரெய்லர், 33 யூரோ பாலெட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு), 20 முதல் 22 டன். ஊரில் இதை ‘ஃபூரா’ என்பார்கள். காலையில் வாடகை பேசி, மதியம் வண்டி பிடித்து, மாலையில் ஓட்டுநரின் பாஸ்போர்ட்டையும் வண்டி எண்ணையும் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம். முதல் மாதத்திலேயே லாபத்தில் பங்கு கைக்கு வரும். வாய் உள்ளவருக்கு, பேரம் பேசத் தயங்காதவருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

சிக்கல் காகிதத்தின் அளவில் இல்லை, ஒவ்வொரு காகிதமும் எப்போது தீரும் என்பதில் இருக்கிறது. இரு நாடுகளுக்கிடையே லாரி ஓடப் பெரும்பாலும் ‘தொஸ்வோல்’ என்ற அனுமதிச்சீட்டு வேண்டும்; நாடுகள் ஆண்டுக்கு இத்தனை என்று பேசிப் பரிமாறிக்கொள்பவை. ஆண்டின் கடைசி மாதங்களில் தீர்ந்துபோகும். அப்போது சரக்கு இருக்கும், வண்டி இருக்கும், எல்லை கடக்க முடியாது. அக்டோபரில் நவம்பர் சரக்குக்கு விலை சொல்லும் முன், அந்த லாரிக்காரர் கையில் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

டி.ஐ.ஆர். கார்னெட் என்ற சுங்க ஆவணப் புத்தகம் இன்னொன்று. 1975 உடன்படிக்கையின்படி, முத்திரை வைத்த வண்டி வழியில் உள்ள நாடுகளில் சுங்க வரிக்கு ஈடு கட்டாமல் கடந்து போகும். ஒரு நாட்டுக்கு, அல்லது ஒரு சுங்க ஒன்றியத்துக்கு, இரண்டு தாள். ஆகவே 6 தாள் கார்னெட் மூன்றுக்கும், 14 தாள் ஏழுக்கும் போதும். வழக்கமான தவறு, ஓட்டுநர் அவசரத்தில் எல்லைச் சுங்கத்தில் முத்திரை குத்தாமல் வெளியேறிவிடுவது. ஆவணத்தில் சரக்கு அந்த நாட்டைவிட்டு வெளியேறாததாகவே இருக்கும். சில மாதம் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். ஒவ்வொரு எல்லை தாண்டியதும் முத்திரை விழுந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது இந்த வேலையில் கட்டாயம்.

பொறுப்புத் தொகையும் புரிய வேண்டும். சர்வதேசச் சாலைச் சரக்குக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கையின் 1978 நெறிமுறையை ஏற்ற நாடுகளில், சரக்கு தொலைந்தால் லாரிக்காரர் தருவது கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தான். 500 கிலோ மின்னணுப் பொருளுக்கு 4,165 எஸ்.டி.ஆர். மட்டுமே தேறும், அதன் விலை எவ்வளவாக இருந்தாலும். தனிக் காப்பீடு எடுக்கச் சொல்லாத லாஜிஸ்ட், வாடிக்கையாளரை ஒரே விபத்தில் இழப்பார்.

பிறகு மலை. ஜார்ஜியாவிலிருந்து ரஷ்யாவுக்குப் போகும் லார்ஸ் சாலை பனிச்சரிவுக் காலத்தில் மூடப்படும். லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். ஆர்மீனியாவுக்கு அஜர்பைஜான் எல்லையும் துருக்கி எல்லையும் அடைபட்டிருந்ததால், வடக்கே போகும் தரைவழிச் சரக்கு இதையே நம்பியிருந்தது. இரவு இரண்டு மணிக்குப் போன் எடுப்பது இந்தத் துறையின் இயல்பு. மூன்று நான்கு ஆண்டில் பலர் சோர்ந்துவிடுவார்கள், ஓட்டுநர் தொடர்புகளைத் தவிர வேறு சேமிப்பு இல்லாமல்.

காஸ்பியன்

கஸகஸ்தானின் அக்தாவ் அல்லது குரிக் துறைமுகம், காஸ்பியனைக் கடந்து அஜர்பைஜானின் அலாத், அங்கிருந்து ரயிலில் ஜார்ஜியாவின் கருங்கடல் துறைமுகமான போத்தி அல்லது பத்தூமி. இதுதான் ‘நடு வழித்தடம்’. 2017-இல் பாகு–திபிலீசி–கார்ஸ் ரயில் பாதை திறந்ததால் துருக்கிக்கும் கிளை உண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, ரஷ்யாவைத் தொடாமல் போக விரும்பும் சரக்கு இங்கே திரும்பியது. விளம்பரங்களில் இதுதான் எதிர்காலம் என்று சொல்கிறார்கள். ஓரளவு உண்மைதான்.

ஆனால் ஒரு கன்டெய்னருக்கு இங்கே இரண்டு மூன்று ரயில்வே, இரண்டு துறைமுகம், ஒரு காஸ்பியன் கப்பல், பிறகு கருங்கடலில் வேறொரு கப்பல் நிறுவனம். காற்று வலுத்தால் அக்தாவில் வேலை நிற்கும். ரயில் ஏற்றும் படகுகளுக்கு உறுதியான கால அட்டவணை இல்லை, நிறைந்தால் கிளம்பும். கடல் மட்டமே இறங்கி வருகிறது, ஆழம் குறைய, கப்பல்கள் முழுச் சுமை ஏற்ற முடிவதில்லை. கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னரை எடுத்துக்கொண்டு கொழும்புத் தேயிலையைப் போத்தி வழியாகத் தாஷ்கென்ட் கொண்டுபோனால், பெட்டியைக் கட்டணமின்றி வைத்திருக்க அந்நிறுவனம் தரும் இலவச நாட்கள் காஸ்பியனுக்கு இக்கரையிலேயே தீர்ந்துவிடும். காலிப் பெட்டியைத் திரும்பப் போத்திக்குக் கொண்டுவரும் செலவும் நம்முடையது. ஆகவே உள்நாட்டுக்குள் ஆழமாகப் போகும் சரக்குக்குச் சொந்தப் பெட்டி வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ மேல். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு.

இன்னொரு நடைமுறைச் சங்கடம்: அஜர்பைஜான் தன் தரை எல்லைகளை 2020 மார்ச்சில் பயணிகளுக்கு மூடி, ஆண்டுக்கணக்கில் திறக்கவில்லை. சரக்கு போகும், அதைப் பார்க்க நாம் திபிலீசியிலிருந்து விமானத்தில்தான் பாகு போக வேண்டியிருந்தது.

ரஷ்யா மீதான பொருளாதாரத் தடை விதிகள் மூன்று வழியையும் தொடும், இங்கேயும் மத்திய ஆசியாவிலும் அதிகம். ரஷ்யாவுக்குப் போய்ச் சேரக் கூடாத பொருள்களின் சுங்கக் குறியீட்டுப் பட்டியல் உண்டு: சிப், பேரிங், சில இயந்திரங்கள். சேருமிடம் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் என்று எழுதியிருந்தாலும் வாங்குபவர் யார், எதற்கு என்று கேட்பது நம் வேலை. கையெழுத்து நம்முடையதாக இருந்தால் வழக்கும் நம் பெயரில் வரும். “எல்லோரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள்” என்று மேலாளர் சொன்னால் அந்த நிறுவனத்தைவிட்டு வெளியேறுங்கள்.

எதைத் தேர்வது

புதிதாக வருபவருக்கு எங்கள் பரிந்துரை ரயில். அல்மாத்தியில் இரண்டு ஆண்டு, வருமானம் மெதுவாக ஏறினாலும் சரி. அதன்மேல் காஸ்பியனுக்குப் போனால், படகு தாமதமாகும்போது எந்தச் சீட்டைத் திருத்த வேண்டும் என்று தெரிந்திருக்கும். காஸ்பியனிலேயே தொடங்குபவர் பெரும்பாலும் மின்னஞ்சல் கைமாற்றுபவராக நின்றுவிடுகிறார். உடனே பணம் தேவை, பேச்சு வரும் என்றால் தாஷ்கென்டில் லாரி. ஆனால் இரண்டாம் ஆண்டுக்குள் டி.ஐ.ஆர்., காப்பீடு இரண்டையும் கற்றுவிடுங்கள்.

நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள். எஸ்.எம்.ஜி.எஸ். சீட்டை இந்த அலுவலகத்தில் யார் போடுகிறார்? துணைக் குறியீடு உங்கள் சொந்த ஒப்பந்தத்திலா, வேறு முகவரிடமா வாங்குகிறீர்கள்? சரக்கு எல்லையில் நின்றால் நிலையத்தோடு பேசப் போவது நானா? மூன்றுக்கும் “வேறு ஊரில் இருக்கும் குழு பார்த்துக்கொள்ளும், நீங்கள் வாடிக்கையாளரைக் கொண்டுவாருங்கள்” என்று பதில் வந்தால், அங்கே காலியாக இருப்பது விற்பனையாளர் இடம்.