சோப்புக் கையால் திறக்க முடிகிறதா? நான்கு வகைக் குழாய்கள்

கையில் சோப்பைத் தேய்த்து, விரல்களை மடக்கி, அந்த மூடிய கையாலேயே உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து மூடிப் பாருங்கள். குழாயை வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கிறோம். பிறகு அதைத் தொடுவதோ பெரும்பாலும் ஈரக் கையாலோ மாவுக் கையாலோதான். இந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு விதியும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க வடிவமைப்பு விதிகளின்படி, குழாயை ஒரே கையால் இயக்க முடிய வேண்டும். இறுகப் பற்றவோ, கிள்ளிப் பிடிக்கவோ, மணிக்கட்டை முறுக்கவோ நேரக் கூடாது. அதற்கான விசையும் 5 பவுண்டைத் தாண்டக் கூடாது.

பழைய திருகு குழாய் முதல் சுற்றிலேயே தோற்கிறது, அதிலும் கைப்பிடி வழவழப்பான உருண்டையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். உள்ளே ஒரு ரப்பர் வாஷர் நீர்வழியின் வாயை அழுத்தி அடைக்கிறது. வாஷர் தேய்ந்தால் சொட்டும். சொட்டினால் இன்னும் பலமாக இறுக்குகிறோம், வாஷர் நசுங்கி இன்னும் சொட்டுகிறது. வீட்டிலேயே பலசாலி இறுக்கிவிட்டுப் போனதை, விரல் மூட்டில் வலி உள்ளவர் திறக்க முடியாமல் நிற்பார். இருந்தாலும் இதற்கு ஒரு மரியாதை உண்டு: ஒரு வாஷரையும் ஒரு ஸ்பானரையும் வைத்துக்கொண்டு யாரும் பழுது பார்த்துவிடலாம்.

அடுத்தது கால் திருப்புக் குழாய்: கைப்பிடியைக் கால்வாசிச் சுற்று திருப்பினாலே முழுதாகத் திறந்துவிடும். துளையிட்ட இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். துளைகள் நேருக்கு நேர் வந்தால் நீர் வரும், விலகினால் நிற்கும். எதையும் நசுக்க வேண்டியதில்லை, அதனால் விரலால் தள்ளினாலே போதும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: கைப்பிடி நீளமாக இருந்தால், அது நிற்கும் திசையைப் பார்த்தே குழாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இத்தனை நல்ல பொறியைச் செய்துவிட்டு, அழகுக்காக அதன் தலையில் உருண்டைக் குமிழைப் பொருத்துகிறவர்களை என்ன சொல்வது? நீரில் மணல் வந்தால் வட்டில் கீறல் விழும் என்பது இதன் பலவீனம். சட்டென்று மூடினால் குழாய்க்குள் ‘தொம்’ என்று இடிக்கவும் கூடும்.

ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்கு ஒரு கதை உண்டு. 1937-இல் அமெரிக்க மாணவர் ஆல் மோயன், இரட்டைக் கைப்பிடிக் குழாயிலிருந்து கொதிநீர் பாய்ந்து கையைச் சுட்டுக்கொண்டார். வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே கைப்பிடியில் கலக்கும் குழாய்க்கான யோசனை அங்கேதான் பிறந்தது; 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. மூடிய கைச் சோதனையில் இதுவே முதலிடம். புறங்கையால், முழங்கையால்கூடத் திறக்கலாம்.

ஆனால் இது ஒரு விஷயத்தை நம்மிடம் மறைக்கிறது. கைப்பிடி நடுவில் நின்றால் பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்று அப்படியே விட்டுவைக்கிறோம். நடு என்றால் பாதி வெந்நீர். கையை அலசும் சில நொடிகளில் வெந்நீர் வந்து சேர்வதே இல்லை; கொதிகலனிலிருந்து கிளம்பியது குழாய்க்குள்ளேயே ஆறிப்போகிறது. நமக்குத் தெரியாமலே செலவு. நடுவில் குளிர்ந்த நீர் மட்டும், இடப்பக்கம் திருப்பினால்தான் வெந்நீர் என்று அமைத்த வகைகள் இப்போது கிடைக்கின்றன. வாங்குவதானால் அதையே கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்பதிலும் ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது. ஜப்பானில் அழுத்தித் திறப்பதும் தூக்கித் திறப்பதும் கலந்தே விற்றன. பின்னர் தரநிலை, தூக்கித் திறப்பதையே பொதுவாக்கியது. மேலிருந்து பாத்திரம் விழுந்தால் குழாய் மூடிக்கொள்ளும், எவ்வளவு எளிய நன்மை!

சென்சார் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடாமல் கை கழுவ நல்லது. வாளி நிரப்ப நின்றால் பொறுமை போய்விடும். மின்கலம் தீர்ந்தால் வெறும் அலங்காரம். கண் தெரியாதவருக்கோ, கையை எங்கே நீட்டுவது என்பதே புதிர்.

என் தேர்வு இது: சமையலறைக்கு, நடுவில் குளிர்ந்த நீர் மட்டும் தரும் ஒற்றைக் கைப்பிடி. குளியலறைக்கு, நீண்ட கைப்பிடியுள்ள கால் திருப்புக் குழாய்கள் இரண்டு. மணல் கலந்த நீர் வரும் தோட்டத்துக்குப் பழைய திருகு குழாயே போதும்; அதன் உருண்டைத் தலையை மட்டும் கழற்றிவிட்டு, நான்கு கிளையுள்ள கைப்பிடியைப் பொருத்திவிடுங்கள்.