லண்டனில் சரி, கலேயில் குற்றம்: வேகக் கமரா எச்சரிக்கைக் கருவிகள்

வருடத்துக்கு நாலைந்து தடவை லண்டனிலிருந்து காரில் பாரிஸ் போவோம். லாச்சப்பலில் சாமான் வாங்குவது, சொந்தத்தில் ஒரு கலியாணம், சாமத்தியவீடு என்று ஏதாவது இருக்கும். இடைக்கிடை ஸ்டுட்கார்ட்டில் மச்சான் வீடு. மற்ற நாட்களில் வேலைக்காக இங்கிலாந்துக்குள்ளேயே ஓட்டம். ஆகவே எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும்: கமரா வருவதை முன்கூட்டிச் சொல்லவேண்டும், ஓடிய மைலைக் குறித்து வைக்கவேண்டும். இரண்டையும் தானே செய்யும் என்று விற்கப்படும் பெட்டி, போனில் ஓடும் அப், தனிப் பதிவுக் கருவி மூன்றையும் பாவித்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் பெட்டி. ரேடார், லேசர் இரண்டையும் உணரும், ஜிபிஎஸ்ஸும் உண்டு. பிரிட்டனில் இதை வைத்திருக்கலாம். 1998இல் உயர் நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. (அலையைக் குழப்பும் ஜாமர் வேறு கதை. அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.) ஆனால் உணர்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? மஞ்சள் நிற கட்ஸோ கமரா 24 கிகாஹெர்ட்ஸ் அளவில் ரேடார் அனுப்புகிறது, அதைப் பெட்டி பிடித்துவிடும். அந்தக் கமராவுக்குப் பெயர் தந்த மொரிஸ் கட்ஸோனிடஸ் 1953இல் மொன்டே கார்லோ ராலியை வென்ற டச்சுக்காரர். வளைவில் இன்னும் வேகமாகத் திரும்பப் பழகத்தான் முதலில் அந்தக் கருவியைச் செய்தாராம்!

கட்ஸோவைத் தாண்டினால் பெட்டி தடுமாறுகிறது. ட்ரூவெலோ கமராவுக்கு உணரிகள் தார் ரோட்டுக்குள் புதைந்திருக்கின்றன, பிடிக்க அலையே கிடையாது. மோட்டர்வே திருத்தவேலை நடக்கும் இடங்களில் இருக்கும் சராசரி வேகக் கமராக்கள் இரண்டு இடத்தில் இலக்கத்தகட்டைப் படித்து, இடையில் எடுத்த நேரத்தைக் கணக்குப் பார்க்கின்றன. அதிலும் ரேடார் இல்லை. பாலத்தில் நின்று வேகம் அளக்கும் வெள்ளை வானுக்குள் இருப்பது லேசர். ஒடுங்கிய கற்றை நேரே உங்கள் காரில் படும்போதுதான் பெட்டி அலறும். அதற்குள் வேகம் பதிவாகி, 100 பவுண் தண்டமும் சாரதிப் பத்திரத்தில் 3 தண்டப்புள்ளியும் உறுதியாகியிருக்கும். இது போதாதென்று, பக்கத்துக் காரின் மறைபுலச் சென்சார், சுப்பர்மார்க்கெட்டின் தானியங்கிக் கதவு எல்லாவற்றுக்கும் கத்தித் தொலைக்கும். உண்மையில் வேலை செய்வது உள்ளே இருக்கும் கமரா இடப்பட்டியலும் ஜிபிஎஸ்ஸும்தான். அது போனில் வழிகாட்டும் வேஸ் அப்பிலும் இருக்கிறது, இலவசமாக. வான் நிற்கும் இடத்தை முன்னால் போனவர்கள் அறிவித்துவிடுவதால், அந்த விசயத்தில் பெட்டியைவிட அப்தான் கெட்டிக்காரன்.

சரி, கடலைக் கடந்து பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இறங்கினால்? பிரான்ஸில் 2012 முதல் கமரா இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைப் பாவிப்பது மட்டுமல்ல, காரில் வைத்திருப்பதே குற்றம். 1500 யூரோ வரை தண்டம், கருவியும் பறிபோகும். ரேடார் உணரும் பெட்டியை அணைத்து டிக்கியில் போட்டாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. அங்கே அனுமதிப்பது "அபாய வலயம்" காட்டுவதை மட்டும்: மோட்டர்வேயில் 4 கிலோமீற்றர், ஊருக்கு வெளியே 2, ஊருக்குள் 300 மீற்றர். வலயத்தில் எந்த இடத்தில் கமரா என்று தெரியாது, கமரா இருக்கிறதா என்றும் தெரியாது. அங்கே வேஸும் இந்த முறைதான். பிரெஞ்சுக்காரர் விரும்பி வாங்கும் கொயோட் எச்சரிக்கைப் பெட்டியும் இந்த முறைதான், சந்தா கட்டவேண்டும். அடிக்கடி போகாத எனக்கு அது வீண்செலவு. பாரிஸ் சுற்றுவீதியில் 2024 ஒக்டோபரிலிருந்து மணிக்கு 50 கிலோமீற்றர்தான் எல்லை என்பது மனதில் இருந்தால் பாதி எச்சரிக்கை தேவையில்லை.

ஜெர்மனியில் சாரதி கமரா எச்சரிக்கை அப்பை ஓடவிட்டால் 75 யூரோவும் ஒரு புள்ளியும். "நான் போனைப் பிடிக்கிறேன் அத்தான், நீங்கள் ஓட்டுங்கள்" என்று மச்சான் சொன்னார். அதுவும் எடுபடாது. பக்கத்தில் இருப்பவர் போனில் ஓடினாலும் சாரதியே பொறுப்பு என்று 2023இல் கார்ல்ஸ்ரூஹ நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுவிஸில் இன்னும் கடுமை.

மைல் பதிவில் கதை வேறு. சொந்தக் காரில் வேலைக்கு ஓடினால் வரியில்லாமல் மைலுக்கு 45 பென்ஸ் வாங்கலாம், 10,000 மைலுக்கு மேல் 25 என்பது 2011இல் வைத்த கணக்கு. அதற்குத் திகதி, புறப்பட்ட இடம், போன இடம், காரணம், மைல் எல்லாம் எழுதியிருக்கவேண்டும். என் பெட்டி பயணங்களைச் சேமித்தது, ஆனால் வெளியே எடுக்க ஒரு பழைய கணினி மென்பொருள் கேட்டது. இரண்டு மாதத்தில் கைவிட்டேன். போன் அப் நல்லது, ஆனால் போன் உடைந்த அன்று மூன்று வாரக் கணக்கும் போய்விட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக் காரின் பழுது பார்க்கக் கணினி செருகும் ஓபிடி துளையில் செருகும் சின்னக் கருவிதான் நிலைத்தது. எஞ்சினை முடுக்கினால் தானே தொடங்கும், நான் மறந்தாலும் அது மறக்காது. ஒரு குறை: விடுமுறையில் காரை மூன்று வாரம் நிறுத்தினால் பற்றரியைக் குடித்துவிடும், கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

இப்போது பெட்டி விற்றாயிற்று. உள்ளூருக்கு வேஸும் ஓபிடியும். டோவர் துறைமுக வரிசையில் நிற்கும்போது மைலைக் கிலோமீற்றருக்கு மாற்றுவேன். ஜெர்மனி எல்லைக்கு முந்திய பெற்றோல் நிலையத்தில் கமரா எச்சரிக்கையை அணைத்துவிட்டுத்தான் கோப்பி.