‘ஆர்எக்ஸ் 580 8ஜிபி, புதுசு’ என்று விற்கிறார்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ குறைந்த விலையில் கேமிங் கார்டு (கம்ப்யூட்டரில் கேம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். சோதனைக்கு வந்த ஒரு கார்டிலிருந்தே தொடங்கலாம். இதே வழியில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

பெட்டியில் கம்பெனி பெயர் கிடையாது, ஏஎம்டி நிறுவனத்தின் மாடலான ‘ஆர்எக்ஸ் 580 8ஜிபி’ என்ற ஸ்டிக்கர் மட்டும். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் சீரியல் நம்பர் இல்லை. கடையில் விண்டோஸ் திரை வந்ததையும் டிவைஸ் மேனேஜரில் இருந்த பெயரையும் காட்டி, ‘டெஸ்ட் ஓகே’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கேம் ஓடிய இருபதாவது நிமிடம் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள், அடுத்து கருந்திரை. திருப்பிக் கொண்டுபோனதற்கு, ‘உங்க எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சரியில்ல. டெஸ்டிங் வாரண்டியும் முடிஞ்சுபோச்சு’ என்று பதில்.

சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றியதும் உண்மை தெரிந்தது. மெமரி சிப்புகளைச் சுற்றி, அவற்றின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு கக்கிய எண்ணெய். ஃபேனை விரலால் அசைத்தால் தண்டு ஆடுகிறது. பின்பக்கத் தகட்டில் துரு. பல மாதம் இரவு பகலாக மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் கணக்கு வேலையில்) ஓடிய கார்டைக் கழுவித் துடைத்துப் புதுசாக்கியிருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றதும் இத்தகைய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே கார்டு கெட்டது என்று அர்த்தமில்லை. அதைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்கலாம். புதுசு என்று விற்பதுதான் மோசடி.

இன்னொரு ஏமாற்று வேலையும் அதிலேயே இருந்தது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஷேடர்ஸ் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) 2048 என்று வந்தது. 2017-இல் வந்த அசல் ஆர்எக்ஸ் 580-க்கு 2304 ஷேடர், 144 டெக்ஸ்சர் யூனிட் (ஜிபியு-இசட்டில் டிஎம்யு) இருக்க வேண்டும். 2048-உம் 128-உம் என்றால் அது 2018-இல் சீனச் சந்தைக்கு வந்த ‘2048எஸ்பி’ வகை. உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 570-தான். 570 விலைக்குக் கிடைத்தால் தப்பில்லை.

இதைவிட மோசமானது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பெயரில் வரும் போலி. 192 கோர் (ஷேடருக்கு என்விடியா வைத்த பெயர்) மட்டுமே உள்ள பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றிப் பொய்ப் பெயர் காட்டவைக்கிறார்கள். விண்டோஸ் காட்டும் பெயர் பயாஸ் சொல்லும் பெயர், அதனால் அதை நம்பாதீர்கள். அசலுக்கு 768 கோர், ஜிடிடிஆர்5 என்ற வேகமான மெமரி. பின்பக்கம் நீல விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள். புதிய டிரைவர் போட்டதும் கார்டு படுத்துவிடும். ஜிபியு-இசட்டின் புதிய பதிப்புகள் இப்படிப்பட்டவற்றின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்றே காட்டும்.

சீல் பிரிக்காத பெட்டியிலும் கவனம் வேண்டும். ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 வகைக்கு மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகைக்கு 16.8 ஜிபி. பெயர் ஒன்றுதான். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8ஜிபிக்கு 2560 கோர், மெமரிப் பாதையின் அகலம் 128 பிட். 6ஜிபிக்கு 2304 கோர், 96 பிட். மெமரி மட்டும் குறைவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் பாவம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு நான்கே லேன் (டேட்டா பாதை) வழியாகப் பேசும் கார்டு, பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் போட்டால் வேகம் நன்றாகவே அடிபடும். பழைய கார்டுதான் வாங்குவதென்றால், முறையான பில்லோடு வரும் ஆர்எக்ஸ் 6600 எங்கள் தேர்வு: 8ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர்.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் ஜிபியு-இசட்டையும், கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க், ஓசிசிடி மென்பொருள்களையும் கொண்டுபோங்கள். முதலில் கம்பெனி டிரைவரைப் போடச் சொல்லுங்கள். மைனிங்குக்காக பயாஸை மாற்றிய ஏஎம்டி கார்டு பெரும்பாலும் இங்கேயே டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் காட்டி மாட்டிக்கொள்ளும். அடுத்து ஃபர்மார்க் 15 நிமிடம். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டி கிளாக் (சிப் ஓடும் வேகம்) இறங்கிக்கொண்டே போனால் வேண்டாம். பிறகு ஓசிசிடியில் விராம் (கார்டின் மெமரி) டெஸ்ட்: ஒரு எர்ரர் வந்தாலும் வாங்காதீர்கள். அடுப்பில் சூடாக்கி ‘ரிப்பேர்’ செய்த கார்டும் சில வாரம் ஒழுங்காக ஓடும் என்பதால், இதெல்லாம் பாஸானாலும் ஒரு மாத வாரண்டியாவது எழுத்தில் வாங்குங்கள். ‘கரண்ட் இல்ல, நேரமில்ல’ என்று டெஸ்ட்டைத் தவிர்க்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

ஜிஎஸ்டி பில்லில் மாடலின் முழுப்பெயரும் சீரியல் நம்பரும் வேண்டும். அந்த நம்பர் கார்டின் பின்புற ஸ்டிக்கரோடும் பெட்டியோடும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆன்லைன் என்றால் பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். பணம் போன பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அப்போது பில், வீடியோ, ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும்.